வேணும், பரங்கி, பூசை

நம் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் சர்ச்சை ‘வேதக்கோயில்’ என்பார்கள். கிறிஸ்தவர்கள் ‘வேதக்காரர்கள்’. வேதம் என்றால் ரிக், யஜுர் என்றுதானே படித்தோம், இந்தப் பெயர் எப்படி வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கான பதில் நாயக்கர் காலத்து மதுரையில் இருக்கிறது.

கதை அதற்கும் முன்னால், முத்துக்குளித்துறையில் தொடங்குகிறது. 1542-ல் அங்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களை வைத்துக்கொண்டு ஜெபங்களை மொழிபெயர்த்தார். ‘விசுவசிக்கிறேன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று வந்துவிட்டது. கடவுளை நம்புகிறேன் என்று சொல்வதற்குப் பதில் கடவுள் வேணும் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1544-ல் தன் உடன் ஊழியர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அதைத் திருத்தச் சொன்னார். (அந்த ‘விசுவாசம்’ இன்று நம் ஊரில் நாய்க்கும் முதலாளிக்கும் நடுவில் உள்ள உறவுக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. அது வேறு கதை.)

இந்தப் பிழை யாருக்கும் பெரிய கெடுதல் செய்யவில்லை. மதுரையில் நடந்தது அப்படியல்ல.

1595 வாக்கில் கொன்சாலோ பெர்னாந்து என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் மதுரையில் ஒரு சிறு கோயில் வைத்திருந்தார். அங்கு வந்து போனவர்கள் கடற்கரையிலிருந்து வந்த பரதவர்களும் போர்த்துக்கீசியர்களும்தான். பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தும் மதுரைக்காரர் ஒருவரும் சேரவில்லை. காரணம் ஒரே ஒரு சொல். கிறிஸ்தவ மதத்தில் சேர விருப்பமா என்று கேட்கவேண்டிய இடத்தில், பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருள்படவே கேட்டுவந்தார்கள்.

‘பிராங்க்’ என்ற ஐரோப்பிய இனப்பெயர் அரபு, பாரசீகம் வழியாக ‘பிரங்கி’ ஆகி, நம்மிடம் ‘பரங்கி’ ஆனது. பாதிரியார்களுக்கு அது கிறிஸ்தவரைக் குறிக்கும் சாதாரணச் சொல். மதுரைக்காரர் காதில் அது மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, ஆசாரமில்லாமல் திரியும் அன்னியன் என்று விழுந்தது. மேக நோய் ஒன்றுக்குப் ‘பரங்கிப் புண்’ என்று பெயர் வைத்த ஜனங்கள் இவர்கள். சொந்தபந்தத்தை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தில் சேர்கிறாயா என்று கேட்டால் யார்தான் ‘ஆமாம்’ என்பார்கள்? (நம் திருப்பரங்குன்றத்துக்கும் இந்தப் பரங்கிக்கும் சம்பந்தமில்லை. அது பரம், குன்றம்.)

1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலியர் ராபர்ட் தெ நொபிலி இதைப் புரிந்துகொண்டார். நான் பரங்கி அல்ல, ரோமாபுரியிலிருந்து வந்தவன் என்றார். காவி கட்டி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்றார். தத்துவபோதகர் என்று பெயர் பெற்றார். பிறகு சொற்களில் கை வைத்தார். லத்தீன் ‘மிசா’வை அப்படியே சொன்னால் தமிழனுக்கு ‘மீசை’ என்று கேட்கிறது. அது பூசை ஆயிற்று. தேவாலயம் கோயில் ஆயிற்று. கடவுள் சர்வேசுரன், மறைநூலும் மார்க்கமும் வேதம். நம் பக்கத்து வேதக்கோயிலுக்கு மூலம் இந்த வழக்குதான்.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது எதிர்த்தரப்பின் பயம். 1610-ல் பெர்னாந்து மேலிடத்துக்குப் புகார் எழுதினார். நொபிலியின் வேடம், பூணூல், தனிக்குடில் எல்லாம் அதில் வந்தன. அவர் பயத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட முடியாது. பூசை என்றால் மணி, கற்பூரம், தீபாராதனை எல்லாம் கூடவே வரும். வேதம் என்றால் நான்கு வேதமும் கூடவே வரும். புதுப் பொருளை ஏற்றினால் பழைய பொருள் இறங்கிப் போய்விடுமா? பரங்கி என்ற சொல்லில் போர்த்துக்கீசியர் மாட்டிக்கொண்டது போல, இந்தச் சொற்களில் இவர் மாட்டிக்கொள்ள மாட்டாரா? அதே காலத்தில் சீனாவில் மத்தேயோ ரிச்சி கடவுளுக்கு வைத்த சீனப் பெயர்களைப் பற்றியும் இதே சண்டை, அவர் இறந்த பிறகு நூறு வருஷத்துக்கும் மேலாக நடந்தது.

மதுரை வழக்கு 1619-ல் கோவாவில் விசாரிக்கப்பட்டு, ரோம் வரை போனது. 1623-ல் போப் பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றுக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். சொற்களைத் தீர்த்துவைக்க எந்த உத்தரவாலும் முடியவில்லை. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கும் சர்வேசுரன் என்றே எழுதினார். பின்னால் வந்த பப்ரிசியுஸ் பராபரன் என்றார். 1871-ல் வந்த புராட்டஸ்டன்ட் பதிப்பு தேவன் என்றது. 1995-ல் கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பில் கடவுள். நான்குமே நல்ல தமிழ் வழக்குதான். ஆனால் சிறு வயதிலிருந்து ‘தேவன்’ என்று ஜெபித்தவருக்கு ‘கடவுள்’ என்று வாசித்தால் யாரோ வேறொருவரைப் பற்றிப் பேசுவது போல இருக்கிறது என்று அந்தச் சபை நண்பர்கள் என்னிடம் சொன்னதுண்டு.

1960-களின் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு கத்தோலிக்கர் ‘பூசை’யையும் மெல்ல மெல்லத் ‘திருப்பலி’ ஆக்கிவிட்டார்கள். நம்மூர் மாதா கோயில் திருவிழா நோட்டீசிலும் அப்படித்தான் அச்சாகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, “பூசை எத்தனை மணிக்கு?” என்று கேட்கும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள்.