மயக்கமா கலக்கமா (பாடல்)

மயக்கமா கலக்கமா என்பது 1962ஆம் ஆண்டு வெளிவந்த சுமைதாங்கி என்னும் தமிழ்த் திரைப்படத்தில் இடம்பெற்ற பாடலாகும். கண்ணதாசன் இயற்றிய இப்பாடலுக்கு விசுவநாதன்-ராமமூர்த்தி இணையர் இசையமைத்தனர். பி. பி. ஸ்ரீநிவாஸ் இதனைப் பாடினார். சி. வி. ஸ்ரீதர் இயக்கிய இப்படத்தில் ஜெமினி கணேசன், தேவிகா ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். கவலையில் உழல்பவருக்கு ஆறுதல் கூறும் தமிழ்த் திரைப்பாடல்களுள் பெரிதும் அறியப்பட்டது இது. திரைத்துறையை விட்டு விலக முடிவு செய்திருந்த கவிஞர் வாலியை அத்துறையிலேயே நிலைபெறச் செய்த பாடல் என்ற சிறப்பும் இதற்கு உண்டு.

பெயரும் பொருளும்

மயக்கம் என்பது அறிவு தெளிவிழந்து ஒன்றை மற்றொன்றாக எண்ணும் நிலை. கலக்கம் என்பது கலங்கிய நீரைப் போல் உள்ளம் அமைதி குலைந்த நிலை. இன்று பதற்றம், மனக்குழப்பம் என்று வழங்கப்படுபவை இவ்விரு சொற்களுக்குள் அடங்குகின்றன. பாடல் முன்னிலையில், கேட்பவரிடம் வினவும் முறையில் தொடங்குகிறது.

படத்தின் பெயரும் இங்குக் குறிப்பிடத்தக்கது. தலைச்சுமையுடன் நடந்து செல்வோர், பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக வழியோரங்களில் நிறுத்தப்பட்ட கல்லமைப்பே சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக இதனை நிறுவும் வழக்கம் தமிழகத்தில் இருந்தது.

எழுதப்பட்ட காலம்

பாடலை இயற்றிய காலத்தில் கண்ணதாசனின் (1927-1981) சொந்த வாழ்வும் அமைதியானதாக இல்லை. படத்தயாரிப்பில் ஈடுபட்ட அவர், 1960ஆம் ஆண்டு கவலை இல்லாத மனிதன் என்ற படத்தைத் தயாரித்தார். படம் வெற்றி பெறவில்லை. பெயருக்கு மாறாக அது அவருக்குக் கடனையும் கவலையையுமே தந்தது. 1961ஆம் ஆண்டு திராவிட முன்னேற்றக் கழகத்திலிருந்து விலகி, ஈ. வெ. கி. சம்பத்துடன் தமிழ்த் தேசியக் கட்சியில் இணைந்தார். இக்காலத்து அனுபவங்களை வனவாசம், மனவாசம் ஆகிய தன்வரலாற்று நூல்களில் எழுதியுள்ளார்.

கருத்தமைப்பு

பாடலின் கருத்துகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. துன்பம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அது எல்லோரிடமும் வருவது.
2. சோர்ந்திருப்பதால் துன்பம் விலகுவதில்லை. எதையும் தாங்கும் உள்ளமே அமைதிக்கு வழி.
3. தம்மினும் எளிய நிலையில் உள்ளோரை எண்ணிப் பார்த்தால், தமக்கு இருப்பதன் அருமை புலப்படும்.

மூன்றாவது கருத்து உளவியலிலும் ஆராயப்பட்டது. மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிட முனைகின்றனர் என்னும் சமூக ஒப்பீட்டுக் கோட்பாட்டை லியோன் பெசுட்டிங்கர் 1954ஆம் ஆண்டு முன்வைத்தார். துன்பத்தில் உள்ளோர் தம்மினும் தாழ்ந்த நிலையில் உள்ளோருடன் ஒப்பிட்டு ஆறுதல் அடைவதைக் கீழ்நோக்கிய ஒப்பீடு என்ற பெயரில் தாமசு வில்சு 1981ஆம் ஆண்டு விளக்கினார். இவ்வகை ஆறுதல் அப்போதைய வருத்தத்தைக் குறைக்கக்கூடும். எனினும், நீடித்த பதற்ற நோய்க்கு இது மருத்துவத்தின் மாற்று ஆகாது.

வாலியும் இப்பாடலும்

டி. எஸ். ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட வாலி (1931-2013) திருவரங்கத்தில் வளர்ந்தவர். ஓவியத்தில் நாட்டமுடைய இவருக்கு, ஓவியர் மாலியைப் பின்பற்றி நண்பர் இட்ட பெயரே வாலி. திருச்சி வானொலிக்கு நாடகங்கள் எழுதினார். முருகன் மீது தாம் எழுதிய பாடலொன்றை அஞ்சலட்டையில் எழுதிப் பாடகர் டி. எம். சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். சௌந்தரராஜன் அதற்கு இசையமைத்துப் பாடினார். இத்தொடர்பு வாலியைச் சென்னைக்கு இட்டுச் சென்றது.

1950களின் இறுதியில் அழகர்மலைக் கள்வன் படத்தின் வாயிலாகத் திரைக்கு அறிமுகமான போதிலும், வாலிக்குத் தொடர்ந்து வாய்ப்புகள் கிடைக்கவில்லை. தியாகராய நகரில் கிளப் ஹவுஸ் என்றழைக்கப்பட்ட விடுதியில் தங்கியிருந்தார். அவரைப் போலவே வாய்ப்புத் தேடி வந்திருந்த நடிகர் நாகேஷ், அங்குத் தம் உணவை அவருடன் பகிர்ந்துகொண்டார்.

நல்லவன் வாழ்வான் (1961) படத்திற்கு வாலி எழுதிய பாடலின் ஒலிப்பதிவு மீண்டும் மீண்டும் தடைப்பட்டது. அவருடைய இராசியே காரணம் என்று கருதி, வேறு பாடல் எழுதக் கவிஞர் அ. மருதகாசி அழைக்கப்பட்டார். வாலியின் வரிகளைப் படித்த மருதகாசி, அவை நன்றாக உள்ளன என்று கூறி, அவற்றையே பயன்படுத்தச் செய்தார். இந்நிகழ்ச்சியை வாலியே நன்றியுடன் நினைவுகூர்ந்துள்ளார்.

அதன் பின்னரும் நிலை மாறவில்லை. திரைத்துறை தமக்கு ஒத்துவராது என்று எண்ணிய வாலி, மதுரையில் வேலைக்குச் சேர முடிவு செய்து புறப்பட ஆயத்தமானார். அச்சமயம் பி. பி. ஸ்ரீநிவாஸ் அவரைக் காண வந்தார். அண்மையில் பாடிய பாடல் எது என்று வாலி கேட்க, ஸ்ரீநிவாஸ் மயக்கமா கலக்கமா பாடலைப் பாடிக் காட்டினார். அதைக் கேட்டதும் வாலி பயண எண்ணத்தைக் கைவிட்டார். தம் வாழ்வின் திருப்புமுனை என்று இதனைப் பல மேடைகளில் கூறியுள்ளார்.

பாடலால் அவருடைய வறுமை உடனே நீங்கிவிடவில்லை. காத்திருக்கும் துணிவே கிடைத்தது. 1963ஆம் ஆண்டு வெளிவந்த, கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கிய கற்பகம் படத்தின் பாடல்கள் அனைத்தையும் வாலி எழுதினார். பி. சுசீலா பாடிய அவை பெருவெற்றி பெற்றன. தொடர்ந்து படகோட்டி (1964), எங்க வீட்டுப் பிள்ளை (1965) ஆகியவை அவரை முன்னணிக்குக் கொணர்ந்தன.

பிற்காலம்

வாலியின் பாடல்கள் பலவற்றைக் கண்ணதாசன் எழுதியவை என்றே இரசிகர்கள் எண்ணியதுண்டு. தம்மை இத்துறையில் நிறுத்திய பாடலின் ஆசிரியருக்கே வாலி போட்டியாளராக விளங்கினார். எனினும் இருவரும் நட்புடன் பழகினர். ஐம்பதாண்டுகளுக்கு மேல் பாடல் எழுதிய வாலிக்கு 2007ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர் எழுதிய பாடல்கள் இடம்பெற்ற காவியத் தலைவன் படம் 2014ஆம் ஆண்டு, அவர் மறைவுக்குப் பின்னர் வெளிவந்தது.

வாலியைத் தங்கச் செய்த பி. பி. ஸ்ரீநிவாஸ் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 14 அன்றும், சென்னைக்கு வழிகாட்டிய டி. எம். சௌந்தரராஜன் அதே ஆண்டு மே 25 அன்றும், வாலி சூலை 18 அன்றும் சென்னையில் காலமானார்கள்.