வீட்டுக்குள் ஓர் ஒலிப்பதிவுக் கூடம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அருமனை உங்கள் ஊர் என்று வைத்துக்கொள்வோம். கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர் நீங்கள். உங்களுக்குத் தெரிந்த புலவர் ஒருவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் பாடும் கதைகளில் சில அச்சில் வந்ததில்லை. அச்சில் வந்தவற்றிலும் அவர் பாடும் மெட்டு ஏறியதில்லை. குரல் நன்றாக இருக்கும்போதே அதைப் பதிவு செய்துவிட வேண்டும் என்று எண்ணுகிறீர்கள். வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. கையில் இருப்பதோ சிறு தொகை. எதை முதலில் வாங்குவீர்கள்?

கடைக்காரரைக் கேட்டால் விலையுயர்ந்த ஒலிவாங்கியைக் காட்டுவார். நண்பரைக் கேட்டால் புதிய கணிப்பொறி இல்லாமல் ஒன்றும் நடக்காது என்பார். இவர்களைக் கேட்பதற்கு முன் வரலாற்றைக் கேட்டுப் பார்ப்போம். ஏனென்றால், இந்த இக்கட்டு உங்களுக்கு மட்டும் வந்ததன்று. ஒலிப்பதிவு பிறந்த நாளிலிருந்தே, பணம் இல்லாதவர்கள் இதே கேள்வியோடு மல்லாடியிருக்கிறார்கள்.

விடுதி அறையில் தொடங்கிய கலை

எடிசன் 1877இல் ஒலியைத் தகரத்தாளில் பதித்தார். அதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1902 ஏப்ரலில், இத்தாலியின் மிலான் நகரில் ஒரு விடுதி அறையில் கரூசோ என்னும் இளம் பாடகர் பத்துப் பாடல்களைப் பாடிக் கொடுத்தார். பதிவு செய்தவர் பிரெட் கெய்ஸ்பர்க். அதே ஆண்டு நவம்பரில் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, தற்காலிகமாக ஏற்பாடு செய்த கூடத்தில் கௌஹர் ஜானின் குரலை மெழுகுத் தட்டில் பதித்தார். உலகப் புகழ் பெற்ற இந்த இசைத்தட்டுகளுக்குத் தனிக் கட்டடம் எதுவும் இருக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அன்று ஒலிவாங்கி கிடையாது. மின்சாரத்துக்கும் வேலை கிடையாது. ஒரு பெரிய கொம்புக் குழாய், அதன் ஒடுங்கிய முனையில் ஒரு மெல்லிய தகடு, தகட்டில் ஓர் ஊசி, அவ்வளவுதான். பாட்டின் அழுத்தமே தகட்டை அசைத்து மெழுகில் பள்ளம் தோண்ட வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 2,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நுண்ணிய ஒலிகள் பெரும்பாலும் பதிவாகவே இல்லை. ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் திருகு எதுவும் இல்லாததால், பதிவாளர் கையில் இருந்த ஒரே கருவி தொலைவு. பாடகர் கொம்புக்கு அருகில். உரத்த கருவிகள் அறையின் கோடியில். உச்சத்தில் பாடும்போது பாடகர் பின்னுக்கு நகர வேண்டும். வயலின் ஒலி போதாமல், ஸ்ட்ரோ என்பவர் அதற்கு ஒரு கொம்பையே பொருத்திவிட்டார்!

இது அந்தக் காலத்துக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். வில்லுப்பாட்டுக் குழுவை எண்ணிப் பாருங்கள். குடத்தின் வாயில் விழும் அடி காதைப் பிளக்கும். வில்லின் மணிகள் கணகணக்கும். உடுக்கையும் ஜால்ராவும் சேர்ந்துகொள்ளும். இவற்றுக்கு நடுவே ஒரு மூத்த குரல். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒலிவாங்கி வைக்க உங்களிடம் பணம் இல்லை. ஒரே ஒலிவாங்கியைப் புலவரின் வாயருகே ஒரு முழத் தொலைவில் வைத்து, குடக்காரரைப் பத்தடி தள்ளி உட்கார வையுங்கள். தொலைவு இரட்டித்தால் நேரே வந்து சேரும் ஒலி 6 டெசிபெல் குறையும் என்பது இயற்பியல் விதி. ஒன்றரை அடியில் இருந்த குடம் மூன்றடிக்கும், பிறகு ஆறு, பன்னிரண்டு அடிக்கும் போனால் 18 டெசிபெல் இறங்கிவிடும். இதற்குக் காசு செலவில்லை.

ஆனால் இந்த விதி முழுதாகப் பலிப்பது திறந்த வெளியில்தான். மூடிய அறையில் சுவர்கள் குடத்தின் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்பிக் காரியத்தைக் கெடுக்கும். அதற்கு வழி கண்டவர் ஓர் இளம் பேராசிரியர்.

மெத்தைகளைச் சுமந்த பேராசிரியர்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1895இல் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபத்தில் பேச்சு புரியவில்லை. ஒரு சொல் ஒலித்து அடங்க ஐந்து விநாடிக்கு மேல் ஆயிற்று. அதைச் சரிசெய்யும் வேலை வாலஸ் சபைன் என்பவரிடம் வந்தது. அவர் பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவரச் செய்து, ஒவ்வொரு தொகுதியாக மண்டபத்தில் பரப்பி, ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்தி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் அரங்குக்குத் திரும்பிவிட வேண்டும்! இந்தக் கூத்திலிருந்து பிறந்ததுதான் இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம்: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலி உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும்.

உங்கள் அறைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 4 மீட்டர், அகலம் 3, உயரம் 3. கன அளவு 36 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 66 சதுர மீட்டர். சிமெண்டு பூசிய பரப்பு தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்குதான் உறிஞ்சும் என்று கொண்டால், உறிஞ்சும் பரப்பு சுமார் 2 சதுர மீட்டர். எதிர்முழக்கம் ஏறத்தாழ 3 விநாடி! வெற்று அறையில் பேசினால் குளியலறை போல ஒலிப்பது இதனால்தான். இப்போது பாதிக்குப் பாதி ஒலி உறிஞ்சும் தடித்த பஞ்சு மெத்தைகளால் 20 சதுர மீட்டர் சுவரை மறையுங்கள். உறிஞ்சும் பரப்பு 11 சதுர மீட்டருக்கு மேல் ஏறும். எதிர்முழக்கம் அரை விநாடியாகச் சுருங்கும். குரலைப் பதிவு செய்ய இது போதும். தென்னைநாருக்குப் பஞ்சமில்லாத மாவட்டத்தில் இதற்கு அயல்நாட்டுப் பஞ்சுப்பலகை எதற்கு? தடிமன் மட்டும் முக்கியம். மெல்லிய பாய் கூர்மையான ஒலியைத்தான் தின்னும். குடத்தின் அடிநாதத்தை அப்படியே விட்டுவிடும். மெத்தையைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிட்டால் கொஞ்சம் தாழ்ந்த ஒலிகளும் அகப்படும். சிலர் முட்டைத் தட்டுகளை ஒட்டி அழகு பார்க்கிறார்கள். அதனால் சுவருக்கு அலங்காரம் உண்டு, ஒலிக்குப் பெரிய பயன் இல்லை.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மெத்தை, அறைக்குள் பிறக்கும் ஒலியை அடக்கும். தெருவில் போகும் பேருந்தின் ஊதலைத் தடுக்காது. அதைத் தடுக்கக் கனத்த சுவர் வேண்டும், சந்துபொந்து இல்லாத கதவு வேண்டும். அதற்கெல்லாம் பணம் இல்லையென்றால் இரவு பத்து மணிக்கு மேல் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் உங்கள் ஊரில், தகரக் கூரை அறையை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

கார்ச் சக்கரமும் கைப்பெட்டியும்

கொம்புக் குழாயின் ஆட்சி 1925இல் முடிந்தது. ஒலிவாங்கியும் மின்பெருக்கியும் வந்தன. கூடவே செலவும் வந்தது. தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இல் பம்பாயில்தான் உருவாயிற்று. சென்னையில் 1934இல் ஏ. நாராயணன் சீனிவாசா சினிடோன் கூடத்தைத் தொடங்கியபோது, அங்கே ஒலிப்பதிவைக் கவனித்தவர் அவருடைய மனைவி மீனாட்சி. கருவி அரிதாக இருந்த காலத்தில் ஒரு பெண்மணி அதைக் கற்றுக் கையாண்டார் என்பது நம் வரலாற்றில் இன்னும் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

வீட்டுக் கூடத்தின் தந்தை என்று சொல்லத்தக்கவர் அமெரிக்கக் கிட்டார் கலைஞர் லெஸ் பால். காடிலாக் காரின் கனத்த சுழல்சக்கரத்தைத் தட்டுவெட்டும் எந்திரத்துக்குப் பயன்படுத்தியவர் அவர். கனமான சக்கரம் சீராகச் சுற்றும். சீராகச் சுற்றினால் சுருதி ஆடாது. காந்த நாடா வந்ததும், ஒரே பதிவுக் கருவியில் தலை ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, முன்பு பதிந்ததன் மேலேயே அடுத்த குரலைச் சேர்த்தார். தவறினால் முன்னதும் அழியும், மறுபடி முதலிலிருந்து. அவரும் மனைவி மேரி ஃபோர்டும் இப்படி வீட்டில் செய்த பாட்டு 1951இல் அமெரிக்கா முழுவதும் முதலிடம் பிடித்தது. பின்னர் 1957இல் சுமார் 10,000 டாலருக்கு எட்டுத் தடக் கருவி ஒன்றைச் செய்வித்து வாங்கினார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய பெரிய வெற்றிகள் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட்டன.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய காசெட்டை வைத்தே, 1979இல் டியாக் நிறுவனம் நான்கு தடங்கள் பதியும் கைப்பெட்டி ஒன்றைச் செய்தது. போர்ட்டாஸ்டூடியோ என்று பெயர். 1982 சனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் பாடகர் அதையும் இரண்டு ஷ்யூர் எஸ்எம்57 ஒலிவாங்கிகளையும் வைத்துத் தம் வீட்டிலேயே பாடல்களின் முன்மாதிரியைப் பதிந்தார். பிறகு பெரிய கூடத்தில் குழுவோடு பாடிப் பார்த்தார். அந்த உயிர் வரவில்லை. கடைசியில் அந்தக் காசெட்டே நெப்ராஸ்கா என்ற இசைத்தட்டாக வெளிவந்தது.

கோடம்பாக்கத்துக் கொல்லைப்புறம்

நம் நாட்டுக்கு வருவோம். இசையமைப்பாளர் ஆர். கே. சேகர் 1976இல் மறைந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தந்தையின் இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. விசைப்பலகை வாசித்தும் விளம்பரங்களுக்கு இசையமைத்தும் வளர்ந்த அந்தப் பிள்ளை, 1989இல் சென்னைக் கோடம்பாக்கத்தில் வீட்டுக் கொல்லையில் ஒரு கூடம் கட்டினார். பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்பது அதன் பெயர். அவர்தான் ஏ. ஆர். ரகுமான்.

இங்கே கவனியுங்கள். கூடம் கட்டி முடிந்தபோது உள்ளே கருவி வாங்கப் பணம் இல்லை. குளிர்சாதனமும் அலமாரியும் தரைவிரிப்பும் மட்டுமே இருந்தன என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தாயின் நகைகளை வைத்துத்தான் முதல் பதிவுக் கருவி வந்தது. முதலில் அறை, பிறகு கருவி. அந்தக் கூடத்திலிருந்து 1992இல் ரோஜா படத்தின் இசை வெளிவந்து தேசிய விருது பெற்றது. அறையை அவர் முதலில் கட்டியது திட்டமிட்டா, பணம் தீர்ந்ததாலா என்பது எப்படியானாலும், சபைனின் கணக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது.

இன்று நகையை அடகு வைக்கத் தேவையில்லை. பதிவுக் கருவியின் பிரச்சினையை எண்முறைத் தொழில்நுட்பம் தீர்த்துவிட்டது. 1982இல் வந்த குறுந்தட்டு, ஒலியை நொடிக்கு 44,100 முறை 16 பிட் நுட்பத்தில் அளந்தது. அதன் வீச்சு 96 டெசிபெல். இரவில் அமைதியான உங்கள் அறையின் இரைச்சல் 30 டெசிபெல் என்றும், குடத்தின் அடி ஒலிவாங்கிக்கு 100 என்றும் கொண்டால்கூட இடைவெளி 70தான். எனவே பதிவைக் கெடுப்பது கணிப்பொறியாக இருக்காது. பழைய கணிப்பொறியே போதும். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் 2000ஆம் ஆண்டு முதல் கிடைக்கிறது.

ஆகவே என் கணக்கு இது. பணத்தைப் பத்துப் பங்காக்கினால் மூன்று பங்கு அறைக்கு. மூன்று பங்கு ஒலிவாங்கிக்கு. இரண்டு பங்கு ஒலிவாங்கியைக் கணிப்பொறியோடு இணைக்கும் இடைமுகப் பெட்டிக்கு. ஒரு பங்கு நல்ல காதொலிப்பானுக்கு. மீதி கம்பி, தாங்கி, சேமிப்பு வட்டு ஆகியவற்றுக்கு. கூடத்து ஒலிபெருக்கிகள் இப்போதைக்கு வேண்டாம். பதப்படுத்தாத அறையில் அவை பொய் சொல்லும்.

ஒலிவாங்கியில் சுருள் வகை, மின்தேக்கி வகை என்று இரண்டு உண்டு. 1916இல் வெண்ட் என்பவர் உருவாக்கிய மின்தேக்கி வகை, மூச்சின் மென்மையைக்கூடப் பிடிக்கும். தெருநாயின் குரைப்பையும் விடாது. அதற்கு 48 வோல்ட் மின்னூட்டம் வேண்டும், ஈரக்காற்றும் ஆகாது. சுருள் வகை கொஞ்சம் மந்தம், ஆனால் முரடு. குடச்சத்தத்தையும் கடலோரக் காற்றையும் அது தாங்கும். குமரி மாவட்டத்தில், மெத்தை கட்டிய சாதாரண அறையில், முதல் ஒலிவாங்கியாக நான் சுருள் வகையையே வாங்குவேன். எதை வாங்கினாலும் சிலிக்கா மணிகள் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள்.

கம்பியில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மூன்று முள் கம்பியில் ஒரே ஒலி இரண்டு இழைகளில் நேர்மாறாகப் போகும். வழியில் சேரும் 50 சுழற்சி மின்முனகல் இரண்டிலும் ஒரேபோல ஏறும். முடிவில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது முனகல் அழிந்து பாட்டு நிற்கும். வீட்டின் நில இணைப்பையும் மின்பணியாளரை அழைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். மடிக்கணிப்பொறியாக இருந்தால், பதிவு செய்யும்போது மின்கலத்திலேயே ஓட்டுவது இன்னும் நல்லது.

ஒரு நிமிடப் பதிவு குறுந்தட்டுத் தரத்தில் ஏறத்தாழ 10 மெகாபைட். மூன்று மணி நேரக் கதை 2 கிகாபைட்டுக்குள் அடங்கும். அதை இரண்டு தனித்தனி வட்டுகளில், இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். புலவரின் பெயர், ஊர், கதையின் பெயர், தேதி ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். வட்டின் மேல் ஒட்டிய சீட்டு உரிந்து போகும். குரலில் சொன்னது பாட்டோடு கூடவே இருக்கும்.