ஐந்து பொருள், இரண்டு பானம்

நாகலாபுரத்துக் கரிசலில் சித்திரை வெயிலுக்குப் பானக்காரம் கரைப்பது வழக்கம். புளி, கருப்பட்டி, சுக்கு, ஏலம், தண்ணீர் என ஐந்து பொருள்கள். இராமநவமிப் பானகத்தில் புளிக்கு மாற்றாக எலுமிச்சையும் கருப்பட்டிக்கு மாற்றாக வெல்லமும் சேரும். இரண்டையும் அடுத்தடுத்து அருந்தினால் வேறுபாடு விளங்கும். எலுமிச்சையின் கூர்மை நாநுனியிலேயே தீர்ந்துவிடுகிறது. புளியும் கருப்பட்டியும் தொண்டைவரை கனத்து இறங்குகின்றன.

இதே போன்ற ஐந்தின் கணக்கு ஒன்று கடல் கடந்திருக்கிறது. 'பஞ்ச்' என்னும் மது, கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஒருவரின் 1632ஆம் ஆண்டுக் கடிதத்தில் இடம்பெறுகிறது. சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், நறுமணப்பொருள் ஆகியவற்றின் கலவை அது. ஐந்தைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லே அதன் பெயராயிற்று என்று ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிரையர் 1698இல் வெளியான தம் நூலில் எழுதினார்; பிற்கால அறிஞர் சிலர் இதை ஐயுறுகின்றனர். கரீபியத் தீவுகளில் சாராயத்தின் இடத்தைக் கரும்பிலிருந்து வடித்த ரம் பிடித்தது. புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, மது மூன்று, நீர் நான்கு என்ற விகிதம் அங்கே வாய்ப்பாடாயிற்று.

பானகமே பஞ்ச் ஆயிற்று என்று நான் வாதிடவில்லை. என்றாலும் உறவொன்று தென்படுகிறது. அன்றைய கோவாச் சாராயம் தென்னங்கள்ளில் வடித்தது. நம் கருப்பட்டி பனையின் பதநீரில் காய்ச்சியது. கள்ளையும் பதநீரையும் பிரிப்பது கலயத்துள் தடவும் சுண்ணாம்பு மட்டுமே. பாளை நீர் அங்கே போதையாயிற்று, இங்கே இனிப்பாயிற்று. போதைக்கு நூல்களில் வரலாறு அமைந்துவிட்டது. பானக்காரத்தின் பக்குவமோ இன்னும் வீட்டுப் பெண்களின் கைக்கணக்கில்தான் இருக்கிறது. அதையும் எழுதி வைக்க வேண்டும்.