தட்டினால் இறுகும் மாவு, கடைந்தால் கட்டும் பால்

மலாக்காவில் ரப்பர் எப்போது வந்தது என்று கேளுங்கள். மாணவர்கள் டக்கென்று சொல்வார்கள்: 1896, டான் சாய் யான், புக்கிட் லிந்தாங். சரிதான். அதற்கு முன் அந்த மண்ணில் என்ன விளைந்தது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

மரவள்ளிக் கிழங்கு! 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சீன முதலாளிகள் மலாக்காவின் உட்பகுதிகளில் அதைப் பெருமளவில் பயிரிட்டார்கள். கிழங்கை அரைத்து, நீரில் அலசி, மாவைத் தொட்டியில் படிய விடுவார்கள். அந்த மாவின் குணத்தை நீங்களே சோதிக்கலாம். மரவள்ளி மாவில் பச்சைத் தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டுக் கெட்டியாகக் கரையுங்கள். விரலை மெதுவாக விட்டால் இறங்கும். பட்டென்று குத்தினால் கல்லாட்டம் நிற்கும். விட்டதும் மறுபடி ஒழுகும். மெதுவாக அசைத்தால் மாவு மணிகளுக்கு நடுவே இருக்கும் நீர் வழிவிடுகிறது. வேகமாக அழுத்தினால் நீர் பிதுங்கி, மணியோடு மணி உரசி முட்டிக்கொள்கிறது. நெருங்கிக் கிடக்கும் மணிகள் நகரும்போது கூடுதல் இடம் கேட்கும் என்று ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதியது 1885இல், அதாவது மலாக்காவில் மரவள்ளி ஓங்கியிருந்த அதே காலத்தில்.

ஆனால் மரவள்ளி மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். சில அறுவடை முடிந்ததும் நிலத்தை லாலாங் புல்லுக்கு விட்டுவிட்டு அடுத்த காட்டை அழிப்பார்கள். ரப்பர் வந்த காரணத்தைத் தேர்வில் எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள். டான் சாய் யானே புக்கிட் அசாஹானில் ரப்பரையும் மரவள்ளியையும் சேர்த்துத்தான் பயிரிட்டார்.

ரப்பர் தோட்டம் பெருகப் பெருக நம் மக்கள் வந்தார்கள். அவர்கள் கையாண்ட பால் வேறு மாதிரி. அதன் துகள்கள் மேல் மெல்லிய புரதப் போர்வை உண்டு. அதுதான் துகள்களை ஒட்டாமல் காக்கிறது. பாக்டீரியா உண்டாக்கும் அமிலமோ, ஓயாத கடைசலோ அதைக் குலைத்தால் பால் கட்டிவிடும். மாவைப் போல அது திரும்ப இளகாது. இன்றும் ஆய்வுக்கூடத்தில் அடர்ந்த ரப்பர் பாலை நிமிடத்துக்கு 14,000 சுற்று வேகத்தில் கடைகிறார்கள். உயர் அமோனியா வகை குறைந்தது 650 வினாடி கட்டாமல் தாங்க வேண்டும்.

தோட்டத்தில் இத்தனை வேகமான கடைசல் கிடையாது. அங்கே எதிரி பாக்டீரியாவும் வெயிலும்தான். வெள்ளனே எழுந்து மரம் வெட்டியதும், மங்குப் பாலை வாளியில் சேர்த்து வெயில் ஏறுமுன் கொட்டகைக்கு ஓடியதும் அதனால்தான். வழியிலேயே கட்டிவிட்டால் அது பால் கணக்கில் சேராது. ஒட்டுப்பாலாகக் குறைந்த விலைக்குத்தான் போகும்.