கோவில் வாசலோடு முடியாத வழிபாடு

ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலைத் தாண்டியதும் நமது வழிபாடும் முடிந்துவிடுகிறதா? ஜூபிலி கொண்டாடும் இவ்வேளையில் கூடுவாஞ்சேரிப் பங்கு மக்களாகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதற்கு விடை காண, நெல்லைச் சீமையிலுள்ள வடக்கன்குளத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

புனித தேவசகாயம் 1712-ல் நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்தவர். திருவிதாங்கூர் அரண்மனையில் ஊழியம் பார்த்தவர். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தலைவரான தெலனாய் என்பவர் வழியாக யோபுவின் வரலாற்றையும் கிறிஸ்துவையும் அறிந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார்.

அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர், இல்லறத்தார். ஆயினும் ஞானஸ்நானத் தண்ணீர் அவர் தலையோடு நின்றுவிடவில்லை. அன்றாடப் பழக்கவழக்கத்திலும் இறங்கியது. தாழ்ந்தவரென்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகினார். மாந்தர் யாவரும் சமம் என்று எடுத்துரைத்தார். அது பலரது சினத்தைக் கிளறிற்று. 1749-ல் சிறைப்பட்டு, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுடப்பட்டு வேதசாட்சியானார். விருப்பம்போல் கோவிலுக்குச் செல்ல முடியாத அச்சிறை நாட்களிலும் அவரது வழிபாடு தடைப்படவில்லை. அது உள்ளத்தில் அன்றோ குடியிருந்தது! 2022 மே 15-ல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியபோது, சாதிப் பெயரை நீக்கி, 'தேவசகாயம்' என்றே அழைத்தது.

ஆனால் அதே வடக்கன்குளத்தில் பின்னர் நடந்தது என்ன? 1870-களில் எழுந்த ஆலயம் கால்சட்டை வடிவில் இரு கூடங்களாக அமைந்தது. ஒரு சாதியார் ஒரு கூடத்தில், மற்றையோர் மறு கூடத்தில்! பீடம் ஒன்று, அப்பம் ஒன்று. மக்களுக்கு நடுவிலோ சுவர். 1910-ல் கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. அதை எதிர்த்தவர்கள் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும், சாதியின் பேரால் தனியிடம் கேட்ட உரிமை ஏற்கப்படவில்லை.

இதை வேறு ஊர்க் கதையென்று நாம் தள்ளிவிடலாகாது. பல ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்து இங்கே குடியேறிய நாம் ஒரே பெஞ்சில் அமர்ந்து செபிக்கிறோம். ஆனால் வீட்டை வாடகைக்கு விடும்போதும், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும்போதும் எதை முதலில் விசாரிக்கிறோம்? தாம்பரம் ரயிலில் நிற்க இடமின்றித் தவிப்பவரிடமும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடமும் நாம் நடந்துகொள்ளும் விதம் என்ன?

குடும்ப வாழ்வும், அன்றாட உழைப்பும், பொறுமையாய்த் தாங்கும் துன்பமும் இறைவனுக்கு ஏற்ற பலியாகும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் போதித்தது. சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால், காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சமாதானம் செய்யச் சொன்னவர் நம் ஆண்டவர்.

கல்லால் ஆன சுவர் இடிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிறது. நெஞ்சில் நிற்கும் சுவரை இடிப்பதே இந்த ஜூபிலிக்கு நாம் படைக்கும் சிறந்த காணிக்கை. புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!