பழைய சாகா மீண்டும் பாடட்டும்



வீட்டு வாசலில் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் பழைய காரை என்ன செய்யலாம்? "பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்பார் மகன். "உங்கப்பா வாங்கியது, யாரும் கை வைக்கக் கூடாது" என்பார் அம்மா. மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. அதைச் சீர்செய்து மறுபடியும் சாலையில் ஓட்டலாம். ஆனால் அப்படிச் சீர்செய்யும்போது எதை மாற்றலாம், எதை அப்படியே வைத்திருக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பட்டறைக்காரர் மட்டும் பதில் சொல்லிவிட முடியாது. கொஞ்சம் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் நாட்டுக் காரையே எடுத்துக்கொள்வோம். புரோட்டோன் நிறுவனம் 1983 மே 7ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதன் முதல் கார் 1985 ஜூலை 9ஆம் நாள் வெளிவந்தது. ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே காரை அடிப்படையாகக் கொண்டு, ஷா ஆலம் தொழிற்சாலையில் அது உருவானது. பெயர் வைக்க நாடளாவிய போட்டி நடந்தது. ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவர் சொன்ன 'சாகா' என்ற பெயர் தேர்வு பெற்றது. சிவந்து, கெட்டியாக இருக்கும் சாகா விதையின் பெயர் அது. அந்த வகைச் செவ்விதைகளைக் கொண்டுதான் நம் பொற்கொல்லர்களும் அந்தக் காலத்தில் பொன்னை நிறுத்தார்கள்.

அதே 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டபோது, அப்போதைய பிரதமர் டாக்டர் மகாதீர் சாகா காரை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்தார். தொழிற்சாலையை விட்டு வந்த முதல் சாகா தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனது.

அது நாட்டின் வரலாறு. வீட்டின் வரலாறு வேறு. தோட்டங்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த எத்தனையோ இந்தியக் குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். 'காடி வாங்கியாச்சு' என்ற செய்தி உறவினர் வீடுகளுக்கெல்லாம் பறந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனதும், பத்துமலைக்குப் போனதும், மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனதும் அந்தக் காரில்தான். அருங்காட்சியகத்தில் நிற்கும் கார் இந்தக் கதைகளைச் சொல்லாது. வாசலில் நிற்கும் கார் சொல்லும்.

கார் பாடத் தொடங்கிய கதை

கார் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்டது பாட்டு. காருக்குள் பாட்டு கேட்பது இன்று சாதாரணம். தொடக்கத்தில் அது பெரிய சாதனை. 1930இல் அமெரிக்காவில் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் விலைக்கு விற்கக்கூடிய கார் வானொலியைச் செய்தது. 'மோட்டோரோலா' என்ற பெயர் பிறந்தது அப்போதுதான். எஞ்சினின் தீப்பொறியே வானொலியில் இரைச்சலாகக் கேட்கும். அதை அடக்குவதுதான் அன்றைய பெரும்பாடு. 1932இல் ஜெர்மனியின் பிளாபுங்க்ட் நிறுவனம் ஐரோப்பாவில் கார் வானொலியைக் கொண்டுவந்தது.

அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவை கண்ணாடி வால்வுகள். சூடாக வேண்டும், மின்சாரத்தையும் விழுங்கும். 1955இல் பில்கோ நிறுவனம் கிரைஸ்லர் காருக்காக முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன வானொலியைச் செய்த பிறகு, பெட்டி சிறியதாயிற்று. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் ஒலிநாடாவை, அதாவது கேசட்டை, அறிமுகப்படுத்தியது. நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் அது நம்மவர் பயணத்தையே மாற்றிவிட்டது.

ஏன் தெரியுமா? வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது 1994இல்தான். அதற்கு முன் ஜொகூரிலிருந்து ஈப்போவுக்குப் போவது ஒரு நாள் வேலை. பழைய சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, மலையோரங்களில் வானொலி கரகரக்கும், பிறகு மறைந்துவிடும். கேசட் மறையாது. மஸ்ஜித் இந்தியாவில் வாங்கிய பாட்டுக் கேசட்டுகள் முன்னிருக்கைக்கு அடியில் குவிந்து கிடக்கும். அம்மா கேட்ட பக்திப் பாடலும் அப்பா கேட்ட பழைய பாடலும் பிள்ளைகள் கேட்ட புதிய பாடலும் ஒரே இயந்திரத்தில் சுழன்றன. எந்தப் பாட்டு முதலில் என்று சண்டையும் நடந்தது!

முதலில் உடம்பு, பிறகு குரல்

சீர்செய்யும் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பார்க்க வேண்டியது துரு. நம் நாட்டு மழைக்கும் ஈரத்துக்கும் பேட்டரி வைக்கும் தட்டு, கால்மிதிக்குக் கீழுள்ள தகரம், சக்கர வளைவுகள் ஆகியவை முதலில் அரிக்கப்படும். துருவின் மேல் பூசிய பெயிண்ட் சில மாதமே தாங்கும். அழுகிய தகரத்தை வெட்டி எடுத்துப் புதியதை ஒட்டவைத்த பிறகே வண்ணம் பூச வேண்டும். அடுத்து பிரேக் குழாய்கள், பெட்ரோல் தொட்டி, டைமிங் பெல்ட். ரப்பர் பொருள்கள் கார் ஓடாமல் நின்றாலும் கெட்டுப் போகும். ஆகவே 'ஓடவே இல்லையே, நன்றாகத்தான் இருக்கும்' என்று நம்பி உடனே சாவியைத் திருப்ப வேண்டாம்.

இனி ஒலிக்கு வருவோம். பழைய கேசட் இயந்திரம் பாடவில்லை என்றால் அது செத்துவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலும் உள்ளே இருக்கும் சிறு ரப்பர் வார் தளர்ந்திருக்கும். அதனால்தான் பாடகரின் குரல் இழுத்து இழுத்துக் கேட்கிறது. வாரை மாற்றி, நாடா உரசும் தலையைச் சுத்தம் செய்தால் பல இயந்திரங்கள் உயிர் பெறும். ஸ்பீக்கரின் விளிம்பில் உள்ள பஞ்சு வெப்பத்தில் உதிர்ந்திருக்கும். அதே அளவு ஸ்பீக்கரைப் பழைய துளையிலேயே பொருத்தலாம்.

கைப்பேசியில் உள்ள பாட்டும் வேண்டுமே என்கிறீர்களா? தாராளமாக. சிறிய புளூடூத் பெட்டியையும் சிறிய ஆம்பிளிஃபயரையும் இருக்கைக்கு அடியில் மறைத்து வைக்கலாம். பேட்டரியிலிருந்து வரும் வயரில், பேட்டரிக்கு அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வயர் உரசினால் தீப்பிடிக்கும். 12 வோல்ட்டில் 120 வாட் என்றால் 10 ஆம்பியர். பழைய காரின் ஆல்டர்னேட்டர் விளக்கையும் வைப்பரையும் தாங்கி, இதையும் தாங்க வேண்டும். ஊரே அதிரும் ஒலி அதற்கு ஏற்றதல்ல.

வெட்டினால் திரும்பாது

பலர் கவனிக்காத இடம் இதுதான். கார் வானொலிக்கான துவாரத்துக்கு உலக அளவில் ஒரு வழக்கமான அளவு உண்டு: 182 மில்லிமீட்டர் அகலம், 53 மில்லிமீட்டர் உயரம். பெரிய திரை வைக்க வேண்டும் என்று சிலர் டேஷ்போர்டையே அறுத்துவிடுகிறார்கள். பின்பலகையில் பெரிய ஸ்பீக்கருக்காகத் துளை போடுகிறார்கள். திரை சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அறுத்த டேஷ்போர்டு திரும்ப வராது. ஆகவே விதி ஒன்றுதான்: கழற்றி மாற்றக் கூடியதை மாற்றுங்கள், வெட்டி அறுக்க வேண்டியதைத் தொடாதீர்கள்.

2009 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வாகனக் கொள்கையில், 15 ஆண்டுக்கு மேற்பட்ட கார்களுக்குக் கட்டாயச் சோதனை என்ற திட்டம் இருந்தது. மக்களின் எதிர்ப்பால் அது விரைவில் கைவிடப்பட்டது. பழைய காரைச் சட்டம் விட்டுவைத்தது. அதை அழிப்பது துருவும் நம் அவசரமும்தான். சாகாவுக்கு 2025இல் நாற்பது வயதாகிவிட்டது. முதல் ஆண்டுகளில் வந்தவை நாளுக்கு நாள் குறைகின்றன.

ஆகவே நேயர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஒரு கார் இருந்தால், கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயரெழுதிப் பெட்டியில் வையுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்று தாளில் வரையுங்கள். கார் வாங்கிய நாள், விலை, முதல் பயணம் எல்லாவற்றையும் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முறையாகப் பதியுங்கள். அப்பா வாங்கிய கேசட் ஒன்றையும் அந்தக் காரிலேயே வைத்திருங்கள். பேரப்பிள்ளை ஒருநாள் அதைக் கையில் எடுத்து 'இது என்ன?' என்று கேட்கும்போது, போட்டுக் காட்ட ஓர் இயந்திரம் இருக்கட்டும்.