தேக்கும் காடும்: ஒரு வரலாற்று நோக்கு

மரங்களுள் தேக்கு தனிச்சிறப்புடையது. இந்தியாவின் மலைச்சாரல்களிலும், பர்மா என முன்னர் வழங்கிய மியன்மார், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய நாடுகளின் காடுகளிலும் அது இயற்கையாய் வளர்கின்றது. பண்டைத் தமிழர் அதனை நன்கறிந்திருந்தனர். எயினர் தம்பால் வந்த பாணர்க்குத் தேக்கிலையில் உணவு படைத்த செய்தி பெரும்பாணாற்றுப்படையிற் காணப்படுகின்றது. மலையாளத்திலும் அதன் பெயர் தேக்கே. அச்சொல்லைப் போர்த்துக்கேயர் கைக்கொண்டனர். அவர் வழியாக அது பிற ஐரோப்பிய மொழிகளுட் புகுந்தது. இங்ஙனம் நம் நாட்டுப் பெயராலேயே உலகெங்கும் அறியப்படும் இம்மரம், தன் சிறப்பினாலேயே அழிவின் எல்லைக்கு வந்ததும், மனிதர் முயற்சியால் மீண்டும் வளர்க்கப்பட்டதும் வரலாற்று மாணவர் அறியத்தக்க செய்திகளாம்.

தேக்கின் பெருமை அதன் வைரப் பகுதியில் உள்ளது. அங்கு ஊறியிருக்கும் எண்ணெய்ப் பொருள் கறையானையும் பூஞ்சணத்தையும் எளிதில் அணுகவொட்டாது. நன்கு உலர்ந்த தேக்கு, மழையிலும் வெயிலிலும் பிற மரங்களைப் போலப் பெரிதும் விரிவதும் சுருங்குவதும் இல்லை. ஐரோப்பியர் கப்பல் கட்டப் பயன்படுத்திய ஓக் மரத்திலுள்ள துவர்ப்பு அமிலம் இரும்பாணிகளை அரிக்கும். தேக்கில் அறைந்த ஆணியோ நெடுங்காலம் நிலைக்கும். ஆயினும் இக்குணங்கள் யாவும் முதிர்ந்த மரத்துக்கே உரியன. இளந்தேக்கில் வைரம் சிறிது, வெளிமரமே மிகுதி. தேக்கை விரும்புவோர் உண்மையில் விரும்புவது பல பத்தாண்டுகளின் விளைவையே என்பதை ஈண்டு மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பிரித்தானியக் கடற்படையினர் இதன் பயனை நன்குணர்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரெஞ்சுக்காரரோடு பெரும் போர் மூண்டபோது இங்கிலாந்தில் ஓக் மரம் அருகிற்று. எனவே பம்பாய்க் கப்பல் கட்டுந்துறையைக் கிழக்கிந்தியக் கம்பனியார் நாடினர். சூரத்திலிருந்து 1736இல் ஆங்கு வந்த பார்சி மரபினரான லௌஜி நசர்வாஞ்சி வாடியாவும் அவர் வழித்தோன்றல்களும் தேக்கினாற் கப்பல் கட்டுவதில் இணையற்று விளங்கினர். அவர்கள் கட்டிய போர்க்கப்பல்களுள் ஒன்று நமது திருக்கோணமலையின் பெயர் பூண்டது. 1817இல் நீரில் இறக்கப்பெற்ற அக்கப்பல் இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹாட்டில்பூல் துறையில் இன்றும் மிதந்து நிற்கின்றது. தேக்கின் ஆற்றலுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆனால் இப்பெருமைக்குக் கொடுத்த விலை மலையாளக் கரையின் காடுகளாம். ஆற்றங்கரைகளை அடுத்திருந்த பெருமரங்கள் முதலில் வீழ்ந்தன. மரம் குறையக் கண்ட கம்பனியார் 1806இல் வாட்சன் என்பாரைக் காட்டுக் காவலராக நியமித்தனர். அவர் தேக்கு முழுவதையும் கம்பனியின் தனியுரிமையாக்கினார். காட்டுடைமையாளர் தம் மரத்தைத் தாமே விற்கும் உரிமையை இழந்தனர், வணிகர் நட்டமுற்றனர், விறகு வெட்டும் ஏழைமக்களும் இடருற்றனர். எங்கும் முறைப்பாடு எழவே, சென்னை ஆளுநராயிருந்த தோமஸ் மன்றோ காலத்தில் 1823இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. அதன்பின் காவலும் இல்லை, கணக்கும் இல்லை. மரங்கள் முன்னிலும் விரைவாக வெட்டப்பட்டன. தடையொன்றினாலே காட்டைக் காத்தல் இயலாது என்பதும், தடையே இன்றேல் காடு எஞ்சாது என்பதும் இவ்வரலாற்றின் முதற் பாடங்களாம்.

1840ஆம் ஆண்டில் மலபார்க் கலெக்டராயிருந்த கொனலி என்பார் வேறொரு வழியை நாடினார். வெட்டியதை ஈடுசெய்ய நடுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இன்று எளிதாய்த் தோன்றும் இக்கருத்து அன்று செயற்கரியதாயிருந்தது. தேக்கங்காயின் ஓடு கல்லைப் போன்றது. அதனுட் கிடக்கும் வித்து எளிதில் முளைப்பதன்று. நிலம்பூரில் முதலில் இட்ட வித்துக்கள் முளையாமற் போயின. இம்முயற்சியை வெற்றியாக்கியவர் அந்நாட்டவரான சாத்து மேனோன். அவர் நாற்று வளர்க்கும் முறையைக் கண்டறிந்து, 1844 முதல் 1862 வரை சாலியாற்றுப் பள்ளத்தாக்கிற் பெருந்தேக்கந் தோட்டங்களை உருவாக்கினார். கொனலி 1855இற் கொலையுண்டபின்னரும் அப்பணி தடைப்படவில்லை. கொனலி தோட்டம் என வழங்கும் பகுதியில் ஒரு பங்கு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெட்டப்பட்டது. எஞ்சிய ஏறக்குறைய 5.7 ஏக்கர் நிலம் பாதுகாக்கப்பட்டு இன்றும் உள்ளது. அங்குள்ள மரங்கள் சில 40 மீற்றருக்கு மேல் உயர்ந்தவை. தாம் நட்ட மரத்தின் வைரத்தை அவ்விருவரும் கண்டாரல்லர். காண்போம் என எண்ணி நட்டாரும் அல்லர்.

பர்மாவில் மற்றொரு முறை தோன்றிற்று. 1856இல் பெகு நாட்டுத் தேக்கங் காடுகளைப் பொறுப்பேற்ற ஜேர்மானியத் தாவரவியலறிஞர் பிராண்டிஸ், முதலிற் செய்தது மரங்களை எண்ணுதலே. யானைமீதமர்ந்து காட்டூடே சென்ற அவர், மரங்களைச் சுற்றளவினால் வகுத்து, வகுப்புக்கு ஒன்றாகக் கையிற் கொண்ட மூங்கிற் குச்சிகளிற் கத்தியால் வெட்டுக்குறியிட்டுக் கணக்கெடுத்தார். ஓராண்டில் எத்தனை மரம் முதிர்ந்த வகுப்பை எய்துமோ அத்தனையே வெட்டலாம் என்பது அவர் வகுத்த நெறி. மலைவாழ் கரேன் மக்கள் தம் பயிர்நிலங்களிற் பயிரோடு தேக்கையும் நட்டு வளர்க்கும் முறையையும் அவர் ஊக்கினார். 1864இல் இந்தியக் காட்டிலாகா நிறுவப்பட்டபோது அதன் முதற்றலைவராயினார் அவரே.

இவற்றைப் போற்றும் நாம் குறைகளையும் மறைத்தலாகாது. தேக்கை நடுதற்பொருட்டுப் பலவகை மரங்கள் செறிந்த இயற்கைக் காடுகள் பல அழிக்கப்பட்டன. ஒரே மரம் நிறைந்த தோட்டத்தில் அடிச்செடிகள் குன்றின், அகன்ற இலைகளிலிருந்து வீழும் பெருந்துளிகள் மண்ணை அரித்துச் செல்லும். வழிவழியாகக் காட்டை நம்பி வாழ்ந்த மக்களின் உரிமைகளும் சட்டங்களாற் சுருங்கின. நெறி இருந்தும் காடு குறையலாம் என்பதற்குப் பர்மாவே சான்றாயிற்று. பிற்காலத்தில் அளவிறந்து வெட்டியமையால் 2014இல் அந்நாடு உருட்டுமரமாகத் தேக்கை ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது.

நம் இலங்கைக்குத் தேக்கு இயற்கையாய் உரியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒல்லாந்தரே அதனைக் கொண்டுவந்து நட்டனர் என்பர். நம் முன்னோர் பனை, வேம்பு, முதிரை, பாலை ஆகியவற்றாலேயே வீடும் தளவாடமும் அமைத்தனர். பின்னர் வன்னி முதலிய வறண்ட பகுதிகளில் அரசினர் தேக்கந் தோட்டங்களை உண்டாக்கினர். சேனைப் பயிர்செய்வோர் பயிரிடையே தேக்கை நடும் முறையும் கைக்கொள்ளப்பட்டது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டபின் இத்தோட்டங்களின் பயன் மேலும் பெருகிற்று.

ஆகவே தேக்கை விரும்புதல் தவறன்று. அது வந்த வழியை அறியாது வாங்குதலே தவறு. தோட்டத்தில் வளர்ந்ததா, காட்டிலிருந்து களவாக வெட்டியதா, கொண்டுசெல்லும் அனுமதிப்பத்திரம் உண்டா என வினவுதல் வாங்குவோர் கடன். பழைய வீடுகளின் நிலைகளையும் கதவுகளையும் எரித்துவிடாது மீளப் பயன்படுத்துதல் ஒரு முதுமரத்தை வெட்டாது காத்தலோடொக்கும். வெட்டிய இடத்தில் மீண்டும் நடப்படுகின்றதா என்பதை நோக்குதல் அரசுக்கும் குடிமக்களுக்கும் பொது. இன்று நாற்பது வயதான தேக்கு, நமக்கு முந்திய தலைமுறையினர் நட்டது. இன்று நாம் நடுவது, இக்கல்லூரியிற் பயிலும் மாணவர்தம் மக்களுக்குப் பயன்படும். பெற்றதற்கு ஈடாக விட்டுச்செல்லுதல் வேண்டும் என்னும் அறமே நிலம்பூர்த் தோட்டம் நமக்குப் புகட்டும் பாடமாம்.